கஷ்டமான வேலையை எந்தக் கைக்குக் கொடுக்கலாம்?



இந்தத் தாளை நீங்க நின்னுக்கிட்டேதான் படிப்பீங்க. பரவாயில்லை, ஒரு நிமிஷம் எனக்காக ஒண்ணு செய்யுங்க. பேனாவை எடுத்து, தினமும் எழுதுற கையை விட்டுட்டு, மற்றக் கையால் உங்க பேரை எழுதிப் பாருங்க. கோழி கிண்டின மாதிரி இருக்கா? சரி. இப்போ அதே கையால் புத்தகப் பையைத் தூக்குங்க. வகுப்புக் கதவைத் தள்ளுங்க. அதெல்லாம் நல்லாத்தானே வருது?

அதே கைதான். ஒரு வேலையில் கெட்டிக்காரியா இருக்கு, இன்னொரு வேலையில் ஒண்ணாம் வகுப்புப் பிள்ளை மாதிரி முழிக்குது. இது ஏன்? இந்தக் கேள்விதான் எங்க வீட்டில் ரெண்டு மாசமா ஓடிக்கிட்டு இருந்தது. அதைப் பத்திதான் எழுதப் போறேன்.

அம்மாவின் கை

எங்க அம்மா பீடி சுத்துறாங்க. இதைச் சொன்னா நம்ம ஊரில் யாரும் ஆச்சரியப்பட மாட்டாங்க. தென்காசி, ஆலங்குளம், முக்கூடல் பக்கம் எத்தனையோ வீட்டில் அடுப்பு எரிவது பெண்கள் பீடி சுத்துவதால்தான். சாரல் காலத்தில் அப்பாவுக்குக் கொத்து வேலை சரியாகக் கிடைக்காது. அந்த நாட்களில் அம்மாவின் சொளவுதான் எங்களுக்குச் சோறு போடும்.

பீடி சுத்துவதைத் தூரத்தில் இருந்து பார்த்தால் எல்லாம் ஒரே வேலை மாதிரி தெரியும். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் ரெண்டு கையும் வேலையைப் பங்கு போட்டுக்கொண்டது தெரியும். ஊற வைத்த இலையை இடது கை பிடிக்கும், வலது கை கத்தரியால் அளவுத் தகட்டைச் சுற்றி வெட்டும். வெட்டிய இலையை இடது கை தாங்கும், வலது கை தூளை அள்ளி வைத்துப் பரத்தும். சுருட்டும்போது ரெண்டு கைப் பெருவிரலும் சேர்ந்துகொள்ளும். கடைசியில் நூல் கட்டும்போது மறுபடியும் இடது கை பிடிக்க, வலது கை சுற்றி இறுக்கும். பிடிக்கிற வேலை ஒரு கைக்கு, நுணுக்கமான வேலை ஒரு கைக்கு.

போன ஜூலை மாசம் அருவாமணையில் மீன் ஆயும்போது அம்மாவுக்கு வலது கைப் பெருவிரல் வெட்டுப்பட்டுவிட்டது. மூணு தையல் போட்டாங்க. ரெண்டு வாரம் தண்ணி படக்கூடாது, விரலை அசைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த ரெண்டு வாரமும் எங்க வீட்டில் இடது கையின் ஆட்சிதான்.

நான் சும்மா இருக்கவில்லை. ஒரு பழைய நோட்டில் அம்மாவின் இடது கை எதை எதைச் செய்யுது என்று எழுதி வைத்தேன். அது தானாகவே மூணு பங்காகப் பிரிந்துவிட்டது.

முதல் பங்கு, ஒரு தொந்தரவும் இல்லாத வேலைகள். வாசல் பெருக்குவது, கோழிக்கு அரிசி போடுவது, சாம்பார்ச் சட்டியைக் கிண்டுவது. குடம் தூக்குவதைச் சொல்லவே வேண்டாம். அது எப்போதும் இடது இடுப்பில்தான் உட்காரும்.

ரெண்டாவது பங்கு, தடுமாறி வந்த வேலைகள். பல் தேய்ப்பது, தோசை திருப்புவது, தீக்குச்சி உரசுவது. முதல் நாள் தோசை மடங்கிப் போச்சு. நாலாம் நாள் வட்டமாகவே திரும்பிட்டு.

மூணாவது பங்கு, வரவே வராத வேலைகள். கோலத்தில் புள்ளி வைக்க ஓரளவு வந்தது. அந்தப் புள்ளிகளைச் சுற்றி நெளி இழுக்க வரவில்லை. ஊசியில் நூல் கோக்க வரவில்லை. பீடிக்கு நூல் கட்ட வரவில்லை. இலை வெட்டப் பார்த்தபோது கத்தரி வெட்டாமல் இலையை மடக்கியது. அதற்குக் கையை மட்டும் குறை சொல்ல முடியாது. கடையில் விற்கிற கத்தரி வலது கைக்கென்று செய்தது. வலது கையால் அழுத்தும்போது ரெண்டு அலகும் ஒன்றோடு ஒன்று நெருங்கும். இடது கையால் அழுத்தினால் விலகிப் போகும்.

அம்மா ஊசியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்ன வார்த்தையை அப்படியே எழுதுகிறேன்: "கை அதே கைதாம்ட்டி. வேலை சிக்கலாவச் சிக்கலாவத்தான் அது முழிக்கி."

அந்த ரெண்டு வாரம் பீடிக்கடைக்கு எங்க வீட்டிலிருந்து ஒரு கட்டுகூடப் போகவில்லை. பலசரக்குக் கடையில் கடன் ஏறியது. பெருக்குவதற்கும் கிண்டுவதற்கும் இடது கை போதும். கூலி தருகிற வேலைக்கு அது போதவில்லை. கூலி நுணுக்கத்துக்குத்தானே கிடைக்குது!

தம்பியின் கை

இப்போ என் தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒண்ணாம் வகுப்புப் படிக்கிறான். அவனுக்கு எல்லாமே இடது கைதான். பந்து எறிவது, பம்பரம் விடுவது, பென்சில் பிடிப்பது எல்லாம்.

நம்ம பக்கத்தில் கைகளுக்கு வைத்திருக்கிற பேரே உங்களுக்குத் தெரியும். வலது கை சோத்தாங்கை. இடது கை பீச்சாங்கை. பேரிலேயே ஒண்ணு உசத்தி, ஒண்ணு மட்டம். அதனால் தம்பி இடது கையில் பென்சிலை எடுத்தால் ஆச்சி வலது கைக்கு மாத்தி விடுவாங்க. "பீச்சாங்கையால எழுதினா சரஸ்வதி வருவாளால?" என்று கேப்பாங்க. டியூசனிலும் அப்படித்தான் மாத்தி விட்டாங்க. ஆச்சிக்கு அவன் மேல் உசிரு. அவன் நல்லா இருக்கணும் என்றுதான் செய்தாங்க.

ஆனால் நடந்தது வேறு. வலது கையில் 'அ' எழுதினால் சுழி ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் போகும். அழித்து அழித்துத் தாள் கிழிந்துவிடும். கொஞ்ச நாளில் டியூசன் நேரம் வந்தாலே வயிறு வலிக்குது என்பான். 'இவனுக்குப் படிப்பு ஏறாது' என்று ஒருத்தர் சொல்லவும் ஆரம்பித்துவிட்டார். ஆறு வயசுப் பிள்ளையைப் பார்த்து இப்படிச் சொல்லலாமா?

அம்மாவின் நோட்டு கையில் இருந்ததால் எனக்கு ஒரு யோசனை வந்தது. சனிக்கிழமை சாயங்காலம் ஆச்சியின் பல்லாங்குழிப் பலகையை எடுத்து நடுவீட்டில் வைத்தேன். புளியங்கொட்டை, வாய் குறுகின பாட்டில், பெரிய ஊசி, நூல், பென்சில், தாள் எல்லாம் தயார். தம்பியும் நானும் போட்டி. ரெண்டு பேரும் எல்லா வேலையையும் முதலில் ஒரு கையால், பிறகு மறு கையால் செய்ய வேண்டும். அம்மா கடிகாரம் பார்த்தாங்க.

முதல் வேலை, பலகையில் விரலால் வேகமாகத் தட்டுவது. ரெண்டு கைக்கும் கொஞ்சம்தான் வித்தியாசம். ரெண்டாவது, ஒரு குழியில் இருக்கிற புளியங்கொட்டையை ஒவ்வொண்ணாக அடுத்த குழிக்கு மாத்துவது. வித்தியாசம் கூடியது, ஆனாலும் பெரிசு இல்லை. மூணாவது, கொட்டையைப் பாட்டில் வாய் வழியாகப் போடுவது. எனக்கு இடது கையில் கொட்டை விளிம்பில் பட்டுப் பட்டுத் தெறித்தது. தம்பிக்கு வலது கையில் தெறித்தது. நாலாவது, பாயில் குத்தி நிறுத்தின ஊசியில் ஒரே கையால் நூல் கோப்பது. எனக்கு வலது கையில் ரெண்டு தடவையில் ஏறியது, இடது கையில் ஏறவே இல்லை. தம்பிக்கு நேர் எதிர்.

ஐந்தாவது, பேர் எழுதுவது. நான் இடது கையால் எழுதினதையும் தம்பி வலது கையால் எழுதினதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். எது ஒன்பதாம் வகுப்பு, எது ஒண்ணாம் வகுப்பு என்று அப்பாவாலேயே சொல்ல முடியவில்லை! எட்டு வருஷம் பள்ளிக்கூடம் போன என் கையும் அங்கே வந்தால் ஒண்ணாம் வகுப்புதான்.

டீச்சர் சொன்னது

திங்கட்கிழமை அறிவியல் டீச்சரிடம் நோட்டைக் காட்டினேன். டீச்சர் சிரித்துக்கொண்டே, "நீ பல்லாங்குழியில செஞ்சதை வெளிநாட்டுல பலகையும் முளையும் வச்சுச் செஞ்சிருக்காங்க" என்றார்கள். இங்கிலாந்தில் மரியன் அனெட் என்ற உளவியல் ஆராய்ச்சியாளர் ஒரு பலகையில் வரிசையாகத் துளை போட்டு, பத்து முளைகளை ஒரு வரிசையிலிருந்து மறு வரிசைக்கு மாத்தச் சொல்லி, ஒவ்வொரு கைக்கும் எவ்வளவு நேரம் ஆகுது என்று பார்த்தாராம். அவரும் அவருடன் ஆராய்ந்தவர்களும் 1979இல் ஒரு விஷயத்தை எழுதினார்கள். பழகாத கை மெதுவாவதற்குக் காரணம் அது சோம்பேறி என்பதல்ல. குறி தவறுகிறது, திருத்துகிறது, மறுபடி போகிறது. அந்தத் திருத்தங்களில்தான் நேரம் போகிறது. பாட்டில் வாயில் தெறித்த புளியங்கொட்டை எனக்கு உடனே ஞாபகம் வந்தது.

அமெரிக்காவில் பால் ஃபிட்ஸ் என்பவர் 1954இல் கண்டு சொன்னது இன்னொன்று. குறி சின்னதாக ஆக, தூரம் கூடக் கூட, கை போய்ச் சேருகிற நேரமும் கூடும். குழியை விட பாட்டில் வாய் சின்னது. பாட்டில் வாயை விட ஊசிக் காது சின்னது. எங்க போட்டியில் கஷ்டம் அப்படித்தான் ஏறியிருக்குது.

"கஷ்டம் கூடினா ரெண்டு கைக்கும் வித்தியாசம் கூடத்தான் செய்யும்னு எழுதிக்கிடவா டீச்சர்?" என்று கேட்டேன். "அவசரப்படாதே" என்றார்கள். எல்லாக் கஷ்டமும் ஒரே மாதிரி இல்லையாம். மூட்டை தூக்குவதும் கஷ்டம்தான், ஆனால் அதில் ரெண்டு கைக்கும் பெரிய தூரம் இல்லை. குறியைச் சின்னதாக்கினபோது ரெண்டு கையும் ஏறத்தாழ ஒரே அளவு மெதுவான சோதனைகளும் உண்டாம். ரெண்டு கைக்குமே தெரியாத புது வேலை என்றால் ரெண்டும் சேர்ந்துதான் தடுமாறும். விரல்கள் ஒண்ணுக்குப் பின் ஒண்ணாக வரிசை தப்பாமல் அசைய வேண்டிய, வருஷக் கணக்காகப் பழக வேண்டிய வேலையில்தான் தூரம் ரொம்பப் பெரிசாகும். எழுத்து அதில் முதல் இடம்.

குற்றாலம் மெயினருவியில் குளிக்கிறவங்களை நினைத்துப் பாருங்க. தண்ணி தள்ளும்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாங்க. எந்தக் கை பிடித்திருக்கு என்று யாராவது பார்ப்போமா? அவங்களுக்கே தெரியாது. கோயில் திருவிழாவில் தவில் வாசிக்கிறவரைப் பாருங்க. வலது கை விரல்களில் கூடு மாட்டியிருப்பார், இடது கையில் கம்பு வைத்திருப்பார். ஒரே மேளம், ரெண்டு கைக்கும் ரெண்டு விதமான வேலை. கை வித்தியாசம் தெரிய வேண்டுமென்றால் வேலை அதைக் கேட்க வேண்டும்.

உடம்பின் வலது பக்கத்தை மூளையின் இடது பக்கமும், இடது பக்கத்தை மூளையின் வலது பக்கமும் ஆட்டுவிக்கின்றன. உலகத்தில் நூறு பேரில் ஏறத்தாழப் பத்துப் பேர் இடது கைக்காரர்கள். நம்ம பள்ளியில் ஒவ்வொரு வகுப்பிலும் ரெண்டு மூணு பேராவது இருக்க வேண்டும். எல்லாரும் தெரிகிறார்களா, இல்லை சிலர் மாத்தி விடப்பட்டார்களா என்று யோசிக்க வேண்டும்.

ஆச்சி கேட்ட கேள்வி

இதை எல்லாம் வீட்டில் சொன்னதும் ஆச்சி நல்ல ஒரு கேள்வி கேட்டாங்க. "அப்படின்னா பழக்கத்துக்கு ஒரு மதிப்பும் இல்லையாட்டி? உங்கம்மா நாலு நாள்ல தோசை திருப்பிட்டாளே!"

நியாயமான கேள்வி. பழகினால் எந்தக் கையும் முன்னேறும். காந்தியடிகள் 1909 நவம்பரில் லண்டனிலிருந்து தென்னாப்பிரிக்காவுக்குக் கில்டோனன் காசில் என்ற கப்பலில் போகும்போது 'ஹிந்த் ஸ்வராஜ்' நூலைக் குஜராத்தியில் எழுதினார். பத்தே நாளில் 275 பக்கம். வலது கை ஓய்ந்துபோனபோது இடது கையால் எழுதினார். அப்படி எழுதினது 40 பக்கம். இலங்கைக் கிரிக்கெட் வீரர் கமிந்து மெண்டிஸ் 2025 ஐபிஎல் போட்டியில் ஒரே ஓவரில் ரெண்டு கையாலும் பந்து வீசினார். பழக்கத்தின் வலிமைக்கு இதை விட என்ன சாட்சி வேண்டும்?

ஆனால் ஒண்ணைக் கவனியுங்க. காந்தியடிகளை யாரும் அடித்து மாத்தவில்லை. பெரியவராகி, எழுதத் தெரிந்த பிறகு, தானாக ரெண்டாவது கையைப் பழக்கினார். அப்போதும் 275இல் 40தான் அந்தக் கைக்கு. என் தம்பிக்கு எழுத்தே இப்போதுதான் வருது. 'அ' எப்படி வளையும் என்பதையும் படிக்க வேண்டும், பழகாத கையை அடக்கவும் படிக்க வேண்டும். ரெண்டு பாரத்தை ஒண்ணாக ஏத்தினால் எந்த வண்டி ஏறும்?

2013இல் ஓய்வு பெற்ற சச்சின் டெண்டுல்கர் வலது கையால் மட்டை பிடித்தார், ஆனால் எழுதுவது இடது கையால். அவரிடம் கையெழுத்து வாங்கினவங்க யாரும் 'பீச்சாங்கைக் கையெழுத்து வேண்டாம்' என்று திருப்பித் தரவில்லையே!

ஆச்சி ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "ஏட்டி, அந்தப் பென்சிலைக் கொண்டா" என்றாங்க. இடது கையால் கையெழுத்துப் போட்டுப் பார்த்தாங்க. முதியோர் கல்வியில் படித்து, ஆசையாகப் போடக் கற்ற கையெழுத்து அது. முதல் எழுத்திலேயே பென்சில் வழுக்கிட்டு. ஆச்சி தாளையே பார்த்தாங்க. "பாவம்ல பிள்ளை" என்று மட்டும் சொன்னாங்க.

அன்று எங்க வீட்டில் ஒரு சமாதானம் ஆச்சு. சாப்பிடுவது அவ்வளவு நுணுக்கமான வேலை இல்லை, தம்பிக்கு வலது கையிலும் சிந்தாமல் வருது. ஆகவே கல்யாண வீட்டுப் பந்தியில் ஆச்சியின் மனசுக்காக அவன் சோத்தாங்கையால் சாப்பிடுவான். எழுதுவது நுணுக்கமான வேலை. அதில் யாரும் அவன் கையைத் தொடக் கூடாது. சுலபமான வேலையில் விட்டுக் கொடுக்கலாம், கஷ்டமான வேலையில் விட்டுக் கொடுக்க முடியாது. அப்பா டியூசனுக்குப் போய் இதைப் பக்குவமாகச் சொல்லிவிட்டு வந்தார். தம்பிக்கு இப்போ வயிறு வலிப்பதில்லை. 'ஔ' மட்டும் இன்னும் கொஞ்சம் பயமுறுத்துது. அது யாருக்குத்தான் சுலபம்!

அம்மா விரலும் ஆறிவிட்டது. தையல் பிரித்து ஒரு வாரம் கழித்து மறுபடி சொளவை மடியில் வைத்தாங்க. முதல் நாள் நூல் கொஞ்சம் தொய்ந்தது, பிறகு பழைய வேகம் வந்துட்டு. பலசரக்குக் கடைக் கடன் தீர ஆவணி வரை ஆச்சு.

உங்களுக்கு மூணு வேண்டுகோள்

ஒண்ணு, உங்க வீட்டில் சின்னப் பிள்ளை இடது கையில் பென்சில் எடுத்தால் பிடுங்காதீங்க. தாளின் மேல் பக்கத்தைக் கொஞ்சம் வலது பக்கமாகச் சாய்த்து வைத்துக் கொடுங்க. எழுதினது கையில் பட்டு அழியாமல், தெளிவாகத் தெரியும்.

ரெண்டு, வகுப்பில் இடது கைக்காரர்களைப் பெஞ்சின் இடது ஓரத்தில் உட்கார வையுங்க. பக்கத்தில் இருக்கிறவர் முழங்கையோடு இடிக்காது, பரீட்சை நேரத்தில் சண்டையும் வராது. ஆசிரியர்களையும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன், கைவேலை வகுப்புக்கு இடது கைக் கத்தரி ஒண்ணாவது வாங்கி வைக்கலாம்.

மூணு, ஒருத்தருக்கு ஒரு வேலை வரவில்லை என்றால் 'இவருக்குத் தெரியாது' என்று உடனே முடிவு கட்டாதீங்க. எந்தக் கையில் அந்த வேலையைக் கொடுத்தோம் என்று முதலில் பாருங்க.

ஆகஸ்ட் 13 உலக இடதுகையர் தினம். அடுத்த வருஷம் அன்றைக்குப் பிரார்த்தனைக் கூட்டத்தில் நம்ம பள்ளி இடது கைக்காரர்கள் எல்லாரும் கை தூக்கட்டும். எந்தக் கையைத் தூக்கினாலும் சரி. தூக்குவது சுலபமான வேலைதானே!



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி,
குத்துக்கல்வலசை.